விழிப்புணர்வு சரி, கோரிக்கை எங்கே?

யாழ்ப்பாணத்தில் ஒவ்வொரு நோய்க்கும் ஒரு நாள் இருக்கிறது. மார்ச் 24 காசநோய் நாள், டிசெம்பர் 1 எயிட்ஸ் நாள். ஒக்ரோபர் 17 வறுமை ஒழிப்பு நாள். அந்த நாள் வந்தால் காலையில் நடைபவனி. ஒரே நிற ரீ-சேட், முன்னுக்குப் பிடிக்க ஒரு பனர், முடிவில் ஒரு சோடாவும் குழுப்படமும். பின்னேரத்துக்குள் படம் பேஸ்புக்கில் ஏறிவிடும். ஆள் சேர்க்கவேண்டுமென்றால் முதலில் கூப்பிடுவது கம்பஸ் பிள்ளைகளைத்தான். நாங்களும் போவோம்.

நடப்பதில் பிழையில்லை. ஆனால் அந்தப் பனரில் எழுதியிருப்பதை ஆருக்குச் சொல்கிறோம்? 'வறுமையை ஒழிப்போம்', 'டெங்குவை விரட்டுவோம்', 'நோயற்ற தேசத்தைக் கட்டியெழுப்புவோம்'. எல்லாம் 'வோம்' என்றுதான் முடியும். இந்த 'வோம்' ஒரு வசதியான விகுதி. அமைச்சரும் அதற்குள் வருவார், தோட்டத்தில் கூலிக்கு நிற்கிற அம்மாவும் வருவா. எல்லாருக்கும் பொறுப்பு என்று சொல்லிவிட்டால் ஒருத்தரையும் பேர் சொல்லிக் கேட்கத் தேவையில்லை. ஆனால் கடைசியில் கணக்குத் தீர்க்கிறது ஏழை வீட்டில்தான். வளவுக்குள் சிரட்டையில் தண்ணி நின்றால் வீட்டுக்காரருக்கு வழக்கு. தெருவோர வாய்க்கால் மாதக்கணக்கில் அடைத்துக்கிடந்தால் ஆருக்கு வழக்கு?

எங்கள் கருத்து இதுதான்: வறுமைக்கும் நோய்க்கும் எதிரான ஒரு பிரசாரத்துக்கு மூன்று விஷயம் வேண்டும். ஒரு வரியில் சொல்லக்கூடிய கோரிக்கை. அதை நிறைவேற்ற அதிகாரமுள்ள ஓர் ஆள் அல்லது அமைப்பு. முன்வரிசையில் பாதிக்கப்பட்ட சனம். இந்த மூன்றும் இல்லாததை ஊர்வலம் என்று சொல்லலாம், போராட்டம் என்று சொல்லேலாது.

நடைமுறையில் இது எப்படி இருக்கும் என்பதற்கு தென்னாபிரிக்காவைப் பார்க்கலாம். 1998 டிசெம்பர் 10ஆம் திகதி, கேப் டவுனில், ஸக்கி அக்மற் என்பவரும் ஒரு சின்னக் கூட்டமும் சேர்ந்து 'சிகிச்சைக்கான நடவடிக்கை இயக்கம்' ஒன்றைத் தொடங்கினார்கள். எயிட்ஸைக் கட்டுப்படுத்தும் மருந்து அப்போது உலகில் இருந்தது. ஒரு நோயாளிக்கு ஆண்டுக்குப் பத்தாயிரம் டொலருக்கு மேல் விலை. பணக்கார நாட்டில் மருந்து, ஏழை நாட்டில் சவப்பெட்டி என்பதுதான் நிலைமை. இவர்கள் 'எயிட்ஸை ஒழிப்போம்' என்று எழுதவில்லை. மருந்தின் விலையைக் குறை என்று கொம்பனிகளிடம் கேட்டார்கள். தாயிடமிருந்து பிள்ளைக்குத் தொற்றாமல் தடுக்கும் மருந்தைக் கொடு என்று தங்கள் அரசாங்கத்திடமே கேட்டார்கள். நெஞ்சில் 'எச்.ஐ.வி பொசிற்றிவ்' என்று பெரிதாக அச்சடித்த ரீ-சேட்டைப் போட்டுக்கொண்டு நோயாளிகளே தெருவுக்கு வந்தார்கள். அக்மற் தானும் ஒரு நோயாளி. பொது வைத்தியசாலைக்கு வராத மருந்தை நானும் எடுக்கமாட்டன் என்று வருடக்கணக்கில் மறுத்தவர்.

2001 பெப்ரவரியில் இந்தியாவின் சிப்லா நிறுவனம் அதே மருந்துக் கலவையை ஆண்டுக்கு 350 டொலருக்குத் தருவதாக அறிவித்தது. அந்த ஏப்ரலில், மலிவு மருந்துக்கு வழிவிடும் தென்னாபிரிக்கச் சட்டத்துக்கு எதிராக வழக்குப் போட்டிருந்த 39 மருந்துக் கொம்பனிகள் வழக்கை வாபஸ் வாங்கின. 2002 யூலையில் அந்த நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம், தாய்மாருக்கான மருந்தை அரசு கொடுக்கத்தான் வேண்டும் என்று தீர்த்தது. அங்கேயும் ரீ-சேட் இருந்தது, ஊர்வலம் இருந்தது. கூடவே ஒரு கோரிக்கையும் இருந்தது.

இனி எங்கட பக்கம் வருவம். உலக வறுமையை ஒழிக்கவென்று நடந்த பிரசாரங்களில் மிகப் பெரியதொன்று எங்கள் படலையடிக்கே வந்தது. அதன் பெயர் நுண்கடன். ஐ.நா. 2005ஐ சர்வதேச நுண்கடன் ஆண்டாக அறிவித்தது. அடுத்த ஆண்டு முகமது யூனுசுக்கும் கிராமீன் வங்கிக்கும் சமாதானத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. ஏழைப் பெண்ணின் கையில் சின்னக் கடனொன்றைக் கொடுத்தால் அவள் தானாக எழும்பிவிடுவாள் என்ற கதை உலகமெங்கும் ஓடியது. கேட்க நல்ல கதை. அவளிடம் ஆரும் கேட்டார்களா என்பதுதான் தெரியாது.

2009இல் போர் முடிந்தபின் நிதி நிறுவனங்கள் வடக்குக்கும் கிழக்குக்கும் வரிசையாக வந்தன. வீடு போய், தொழில் போய், பல குடும்பங்களில் உழைக்கிற ஆளும் போய் இருந்த நேரம். பிணையாக வைக்க ஒன்றும் இல்லாத பெண்களைக் குழுவாகச் சேர்த்து, ஒருத்திக்கு மற்றவளைப் பிணையாக்கிக் கடன் கொடுத்தார்கள். கிழமைக்குக் கிழமை கட்டவேண்டும். ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் அவளின் வாசலில் போய் நிற்கவேண்டும். ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன். அந்த ஊருக்குள் அதுவரை மிஞ்சியிருந்த ஒரே சொத்து அயலட்டை உறவு. அதையும் இந்தக் கடன் பிணையாக எடுத்துக்கொண்டது. 2018இல் இலங்கைக்கு வந்த ஐ.நா. சுயாதீன நிபுணர் யுவான் பாப்லோ பொகோஸ்லவ்ஸ்கி, வட்டி 220 சதவீதம் வரை போனதைப் பதிவுசெய்தார்.

இதற்கு எதிரான குரலும் அந்தப் பெண்களிடமிருந்துதான் வந்தது. வடக்கிலும் கிழக்கிலும் கச்சேரி வாசல்களில் நின்றார்கள். கேட்டது மிகத் தெளிவு: கடனை ரத்துச் செய், வட்டிக்கு எல்லை போடு, வசூலிக்கிறவரை வீட்டுக்குள் விடாதே. 2018இல் அரசாங்கம் வரட்சி பாதித்த 12 மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு லட்சம் ரூபாய்க்குட்பட்ட நிலுவைக் கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அறிவித்தது. வட்டிக்கு ஆண்டுக்கு 35 சதவீதம் என்ற எல்லையும் வந்தது. 35 சதவீதமே கொள்ளை வட்டிதான், பிரச்சினை அதோடு முடியவும் இல்லை. 2021 மார்ச் 8ஆம் திகதி பொலன்னறுவை ஹிங்குராக்கொடையில் சிங்களப் பெண்கள் இதே கடனுக்கு எதிராகச் சத்தியாக்கிரகத்தில் குந்தினார்கள். கிடைத்தது கொஞ்சம்தான். ஆனால் அந்தக் கொஞ்சம் எந்த நடைபவனியாலும் கிடைத்ததில்லை.

'அப்ப விழிப்புணர்வே தேவையில்லையா?' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 2024 டிசெம்பரை எடுப்பம். நவம்பர் கடைசி வெள்ளத்துக்குப் பிறகு குடாநாட்டில் காய்ச்சல் வந்து சில நாட்களுக்குள் ஏழு பேர் இறந்ததாகச் செய்தி வந்தது. முகநூலில் 'மர்மக் காய்ச்சல்' என்று பெயர். பிறகுதான் எலிக்காய்ச்சல் என்று தெரிந்தது. எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரில் நிற்கும்போது காலில் உள்ள சின்னக் காயத்தாலேயே கிருமி உள்ளே போகிறது. வயலுக்கு இறங்குமுன் டொக்சிசைக்கிளின் குளிசை எடுத்தால் நோய் பிடிப்பதைக் குறைக்கலாம். இதைத் தெரியாதவருக்குச் சொல்லத்தான் வேண்டும். அங்கே விழிப்புணர்வு உயிரைக் காப்பாற்றும்.

ஆனால் தெரிந்தபிறகு? சேற்றில் நிற்காதே என்று நாட்கூலிக்குப் போகிறவரிடம் சொல்லி என்ன பயன்? அன்றைக்குச் சேற்றில் நிற்காவிட்டால் அன்றைக்கு அடுப்பில்லை. அவருக்குத் தேவை காலபோகம் தொடங்கமுன் குளிசை, காலுக்குச் சப்பாத்து, காய்ச்சல் வந்தால் கூலி இழக்காமல் வைத்தியசாலைக்குப் போக ஒரு வழி. இவை ஒவ்வொன்றுக்கும் ஒரு பணிமனை இருக்கிறது, கையெழுத்து வைக்கிற ஓர் அதிகாரி இருக்கிறார். தென்னாபிரிக்காவிலும் நோயாளிகளுக்குக் கிருமியைப் பற்றியும் மருந்தைப் பற்றியும் வகுப்பு வைத்தார்கள். வகுப்பு முடிந்தவர்கள் நீதிமன்ற வாசலுக்குப் போனார்கள். அறிவு கோரிக்கைக்கு உரமானது.

இன்னொன்றையும் மறக்கக்கூடாது. 2025 ஜனவரியில் அமெரிக்க ஜனாதிபதி ட்ரம்ப் ஒரு கையெழுத்தில் வெளிநாட்டு உதவியை நிறுத்தினார். ஆபிரிக்காவில் எயிட்ஸ் சிகிச்சை நிலையங்கள் ஆட்டம் கண்டன. இரக்கத்தில் தந்ததை மனம் மாறினால் திருப்பி எடுக்கலாம். சட்டமாகவும் தீர்ப்பாகவும் வாங்கியதை அவ்வளவு லேசில் எடுக்கேலாது. அதனால்தான் உதவி கேட்கிறதைவிட உரிமை கேட்கிறது முக்கியம்.

ஆகவே எங்கள் பீடத்துப் பிள்ளைகளுக்கும் மற்றப் பீடத்து நண்பர்களுக்கும் ஒரு யோசனை. அடுத்த நடைபவனிக்குக் கூப்பிட்டால் போங்கள். ஆனால் ரீ-சேட்டுக்கு அளவு கொடுக்கமுன் ஏற்பாட்டாளரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். நாங்கள் கேட்பது என்ன? அதை ஆரிடம் கேட்கிறோம்? இந்த நோயை, இந்தக் கடனைச் சுமக்கிற ஆக்கள் இந்தக் கூட்டத்தில் எங்கே நிற்கினம்? மூன்றுக்கும் பதில் இருந்தால் பனரை நாங்களே எழுதித் தருவோம். இல்லாவிட்டால் அந்த ரீ-சேட் காசுக்கு வயலில் நிற்கிற நாலு பேருக்குச் சப்பாத்து வாங்கலாம்.