பெயர் இருக்கிறது, பிள்ளை எங்கே?

பிளஸ்-2 முடிவு வெளிவரும் நாளில் தமிழ்நாடே ஓர் எண்ணை எதிர்பார்க்கிறது. 2023-ம் ஆண்டில் அந்த எண் 94.03.

அதாவது, நூற்றுக்கு 94 பேர் பாஸ்!

மகிழ்ச்சியான செய்திதான். ஆனால் எந்த நூறு பேரில்? பரீட்சை எழுதிய நூறு பேரில். எழுத வராதவர்கள் இந்தக் கணக்கில் இல்லை.

அந்த ஆண்டு மார்ச் 13-ந்தேதி தமிழ்ப் பரீட்சை நடந்தது. சுமார் 50 ஆயிரம் பேர் வரவில்லை! பெற்றோரும் ஆசிரியர்களும் திடுக்கிட்டார்கள்.

காரணம் என்ன?

அந்தப் பிள்ளைகள் 2021-ல் பத்தாம் வகுப்பில் இருந்தவர்கள். கொரோனாவால் அந்த ஆண்டு பரீட்சை நடக்கவில்லை. எல்லோரும் பாஸ் என்று அரசாங்கம் அறிவித்தது. பிறகு பலர் பள்ளிக்கூடத்துக்கு வருவதை நிறுத்திவிட்டார்கள். ஆள் இல்லை. பெயர் மட்டும் பட்டியலில் இருந்தது.

இரண்டும் ஒன்றா?

ஒரு பையன் பள்ளியை விட்டு ஐ.டி.ஐ.யில் சேருகிறான். இன்னொருவன் பள்ளியை விட்டு லாரிக்குக் கிளீனராகப் போகிறான். முதல் பையன் படிக்கிறான். இரண்டாவது பையனின் படிப்பு நின்றுவிட்டது.

ஆனால் எங்கே போனான் என்று யாரும் எழுதி வைக்காவிட்டால், பள்ளிக்கூடத்துக்கு இருவரும் ஒன்றுதான். இருவருமே "வராதவர்கள்".

வடசென்னையின் நிலை

ராயபுரம் முதல் எண்ணூர் வரை இந்தச் சிக்கல் அதிகம். அங்கே குடும்பங்கள் இடம் மாறிக்கொண்டே இருக்கின்றன.

2004-ல் சுனாமி வந்தது. கரையோரக் குடும்பங்கள் பல எர்ணாவூர்க் குடியிருப்புகளுக்குப் போயின. 2021 டிசம்பர் 27-ந்தேதி திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பில் 24 வீடுகள் இடிந்து விழுந்தன. அங்கிருந்தவர்கள் வேறு வீடு தேட நேர்ந்தது. மணலி, எண்ணூர் ஆலை வேலைக்கு வட மாநிலக் குடும்பங்கள் வருகின்றன. வேலை முடிந்ததும் போகின்றன.

வீடு மாறினால் பள்ளியும் மாறும். சில பிள்ளைகள் புதிய பள்ளியில் சேருகிறார்கள். சிலர் "அப்புறம் சேரலாம்" என்று இருந்து, அப்படியே நின்றுவிடுகிறார்கள்.

ஒரு சின்னக் கணக்கு

இது கற்பனைக் கணக்குதான். ஆனால் விஷயம் எளிதில் விளங்கும்.

ஒரு பள்ளியில் ஒன்பதாம் வகுப்பில் 100 பேர். நடுவில் 5 பேர் புதிதாக வந்தார்கள். பிளஸ்-2 பரீட்சை எழுதியவர்கள் 67 பேர். பாஸ் ஆனவர்கள் 63 பேர். எழுதியவர்களில் 94 சதவீதம் பாஸ்!

ஆனால் 38 பேரைக் காணோம். அவர்களில் 15 பேர் வேறு பள்ளியில் சேர்ந்ததற்கு எழுத்து ஆதாரம் இருக்கிறது. அவர்களைக் கழித்துவிடலாம். மீதி 90 பேர். 90 பேரில் 63 பேர் பாஸ். இப்போது 70 சதவீதம்தான்!

"38 பேருமே வேறு ஊருக்குப் போய்விட்டார்கள்" என்று வாய்வார்த்தையாகச் சொன்னால் 94. ஆதாரம் கேட்டால் 70. இடையில் நிற்பவர்கள் 23 பிள்ளைகள். அவர்களை யாரும் தேடப் போவதில்லை.

அமெரிக்காவில் என்ன செய்தார்கள்?

அங்கேயும் இதே குழப்பம் இருந்தது. ஒவ்வொரு மாநிலமும் ஒவ்வொரு விதமாகக் கணக்குப் போட்டது. 2008-ல் மத்திய அரசாங்கம் ஒரே விதி கொண்டு வந்தது. வேறு பள்ளிக்குப் போனதாக ஒரு மாணவனைக் கணக்கிலிருந்து எடுக்க வேண்டுமானால், எழுத்து ஆதாரம் வேண்டும். இல்லாவிட்டால் அவன் படிப்பை முடிக்காதவன் என்றே கணக்கு!

நம் நாட்டில்

நம்மிடம் நெடுங்காலமாக டி.சி. இருக்கிறது. தமிழ்நாட்டில் 'எமிஸ்' என்ற கம்ப்யூட்டர் பதிவும் இருக்கிறது. ஒவ்வொரு மாணவனுக்கும் ஓர் எண் உண்டு. ஒரு பள்ளியை விட்டால் அவன் பெயர் 'காமன் பூல்' என்ற பொதுப் பட்டியலுக்குப் போகும். புதிய பள்ளி அங்கிருந்து எடுத்துக்கொள்ளும். எந்தப் பள்ளியும் எடுக்காத பெயர் என்றால், அந்தப் பிள்ளையைத் தேட வேண்டும் என்று பொருள்.

2022-23 முதல் மத்திய அரசாங்கமும் மாணவர் வாரியாக விவரம் வாங்குகிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

2009-ம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி, பிள்ளை வேறு பள்ளிக்குப் போனால் தலைமை ஆசிரியர் உடனே டி.சி. தர வேண்டும். டி.சி. வரத் தாமதம் என்று சொல்லி, புதிய பள்ளி பிள்ளையைச் சேர்க்காமல் இருக்கக் கூடாது. ஆனால் இந்தச் சட்டம் எட்டாம் வகுப்போடு நிற்கிறது. பிள்ளைகள் அதிகம் நழுவுவதோ அதற்குப் பிறகுதான்!

2024-ல் சென்னை ஐகோர்ட்டும் ஒரு தீர்ப்பு சொன்னது. பீஸ் பாக்கியை வசூலிக்க டி.சி.யை ஒரு கருவியாக்கக் கூடாது என்பதே அது.

செய்ய வேண்டியது

வீடு மாறும் பெற்றோர் பழைய பள்ளியில் சொல்லிவிட்டுப் போக வேண்டும். டி.சி. வாங்க வேண்டும். எமிஸ் எண்ணைக் குறித்து வைக்க வேண்டும். புதிய பள்ளியில் அந்த எண்ணைக் கொடுக்க வேண்டும்.

பள்ளிக்கும் கடமை உண்டு. பெயரை நீக்குமுன், "எந்தப் பள்ளியில் சேர்ந்தான்?" என்று கேட்டு எழுத வேண்டும். பதில் கிடைக்காவிட்டால் வீடு தேடிப் போக வேண்டும்.

சதவீதம் குறைந்தால் ஊருக்கு வெட்கம் இல்லை. குறைந்த சதவீதம் எத்தனை பிள்ளைகளைத் தேட வேண்டும் என்று சொல்கிறது. கூட்டிக் காட்டிய சதவீதமோ அவர்களை மறைத்துவிடுகிறது!