பகடையைக் கண்டால் ஏன் பதறுகிறீர்கள்?

கத்திரி வெயில் போய்விட்டது. பள்ளிக்கூடங்கள் திறந்தாயிற்று. எங்கள் குடியிருப்பு வாசலில் பிள்ளைகள் மறுபடியும் முதுகில் மூட்டையோடு வேனுக்கு நிற்கிறார்கள். இந்தக் கோடையில் அவர்களில் ஆறு பேரோடு சேர்ந்து ஒன்பது மாலைகள் ஒரு விளையாட்டு விளையாடினேன். பத்தாவது மாலை நடக்கவில்லை. சங்கத்துக்காரர்கள் ஹாலைப் பூட்டிவிட்டார்கள்.

காரணம் கேட்டேன். நான்கு காரணம் சொன்னார்கள். ஒன்று, பகடை உருட்டுகிறோம், அது சூதாட்டம். இரண்டு, பேய் பிசாசு என்று பிள்ளைகள் மனதைக் கெடுக்கிறேன். மூன்று, படிக்கிற பிள்ளைகளின் நேரம் வீணாகிறது. நான்கு, "இந்த வயசுல உங்களுக்கு எதுக்கு சார் இது?"

நான்குமே தப்பு. ஏன் தப்பு என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். என் வயதுக்காரர்கள் பலருக்கும் இதே கேள்விகள் மனதில் இருக்கும் என்பதால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

முதலில் விளையாட்டு என்னவென்று சொல்லிவிடுகிறேன். பெயர் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. ஒரு மேஜை, நான்கைந்து பேர், காகிதம், பென்சில், சில பகடைகள். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். ஒருத்தி வைத்தியச்சி, ஒருவன் திருடன், இன்னொருவன் மல்லன். நடத்துகிறவர், "ஆற்றங்கரைக்கு வந்துவிட்டீர்கள், பாலம் உடைந்து கிடக்கிறது, பின்னால் குதிரைச் சத்தம் கேட்கிறது, இப்போ என்ன பண்றீங்க?" என்பார். அவர்கள் யோசித்துச் சொல்ல வேண்டும். சொன்னது பலிக்குமா என்று சந்தேகம் வந்தால் இருபது முகமுள்ள பகடையை உருட்டிப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான். நம் தெருக்கூத்தில் கட்டியங்காரன் வந்து நிற்பவனை "யாரப்பா நீ, எங்கே வந்தே?" என்று கேட்டுக் கதையை நகர்த்துவானே, கிட்டத்தட்ட அந்த வேலைதான் என் வேலை.

இதை உருவாக்கியவர்கள் பெரிய கம்பெனிக்காரர்கள் அல்ல. அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தில் லேக் ஜெனீவா என்ற சிற்றூர்க்காரர் கேரி கைகாக்ஸ். காப்பீட்டுத் துறையில் வேலை பார்த்து, 1970இல் வேலை போய், வீட்டின் கீழ்த்தளத்தில் உட்கார்ந்து செருப்பு ரிப்பேர் செய்து குடும்பம் நடத்தியவர். மினசோட்டாவைச் சேர்ந்த டேவ் ஆர்னசன் என்ற இளைஞர் அவரோடு சேர்ந்தார். 1974 ஜனவரியில் ஆயிரம் பிரதிகள் போட்டார்கள். பெட்டி ஒன்று பத்து டாலர். ஐம்பது ஆண்டுகள் தாண்டி அது இன்னும் உயிரோடு இருக்கிறது.

இனி முதல் குற்றச்சாட்டு. பகடை என்றாலே சூதாட்டமா? அப்படியானால் நம் பாட்டிமார் எல்லோரும் சூதாடிகள். பித்தளைத் தாயக்கட்டையை உள்ளங்கையில் தேய்த்துத் தேய்த்து உருட்டித் தாயம் விழக் காத்திருந்தவர்கள்தானே அவர்கள்? வைகுண்ட ஏகாதசி இரவு கண்விழிக்கப் பரமபதம் ஆடாத வீடு உண்டா? கீழடியில் மண்ணைத் தோண்டினால் இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய பகடைக்காய் வருகிறது. சகுனி உருட்டிய பகடையை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டு, பாட்டி உருட்டிய தாயத்தை மறந்துவிட்டோம்.

சூதாட்டத்தைச் சூதாட்டம் ஆக்குவது பகடை இல்லை, பந்தயப் பணம். தமிழ்நாடு சட்டமன்றம் 2022இல் ஆன்லைன் சூதாட்டத்துக்கு எதிராகச் சட்டம் கொண்டுவந்தது. 2025 ஆகஸ்ட்டில் நாடாளுமன்றமும் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடுக்கச் சட்டம் போட்டது. இந்த இரண்டும் வந்தது ஏன்? போனில் பணத்தைக் கட்டி இழந்து குடும்பங்கள் நடுத்தெருவுக்கு வந்ததால். என் மேஜையில் ஒரு ரூபாய் நாணயம்கூடக் கிடையாது. ஜெயிப்பவர் தோற்பவர் என்பதே இந்த விளையாட்டில் இல்லை, எல்லோரும் ஒரே கட்சி. ஆனால் அதே ஹாலில் ஞாயிற்றுக்கிழமை மதியம் பாயிண்ட்டுக்கு இவ்வளவு என்று ரம்மி நடக்கிறது. அதற்குச் சாவி தாராளமாகக் கிடைக்கிறது. சீட்டாடுகிறவர்களிடம் எனக்குக் கோபம் இல்லை. ஒரே ஹாலுக்கு இரண்டு நியாயம் இருக்கிறதே, அதில்தான் கோபம்.

இரண்டாவது, பேய் பிசாசு. நாம் எதைப் படித்து வளர்ந்தோம்? அம்புலிமாமாவில் விக்கிரமாதித்தன் முருங்கை மரத்தில் ஏறி, தொங்குகிற பிணத்தை வெட்டித் தோளில் போட்டுக்கொண்டு, அதற்குள் இருக்கும் வேதாளத்தின் கேள்விக்குப் பதில் சொல்வான். மாதா மாதம் காத்திருந்து வாங்கிப் படித்தோமே, யாராவது கெட்டுப்போனோமா? அந்த வேதாளக் கதைகளில் பயத்தைவிடப் பெரியது கடைசியில் வருகிற கேள்வி. "இந்த மூவரில் யார் செய்தது சரி? தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடிக்கும்." என் மேஜையிலும் அதுதான் நடக்கிறது.

இந்தப் பயம் புதிதும் அல்ல. அமெரிக்காவிலேயே இந்த விளையாட்டின் மேல் பெரிய பீதி கிளம்பியது. 1979இல் ஒரு கல்லூரி மாணவன் காணாமல் போனபோது, விளையாட்டு வெறியில் சுரங்கப் பாதையில் தொலைந்துவிட்டான் என்று பத்திரிகைகள் எழுதின. அது பொய்யாகிப் போனது. ஆனாலும் 1982இல் அதே சாயலில் தொலைக்காட்சிப் படம் வந்தது. டாம் ஹாங்க்ஸ் இளம் வயதில் நடித்தது. மகனைப் பறிகொடுத்த ஒரு தாய் 1983இல் இந்த விளையாட்டை எதிர்க்க ஓர் அமைப்பே தொடங்கினார். அந்தத் தாயின் துக்கத்தை நான் மதிக்கிறேன். ஆனால் துக்கம் வேறு, காரணம் வேறு. அன்று ஆடிய பிள்ளைகள் இன்று ஐம்பது அறுபது வயதில் வேலை பார்த்து, ஓய்வு பெற்று, தங்கள் பேரப்பிள்ளைகளுக்கு ஆடக் கற்றுக் கொடுக்கிறார்கள். அங்கே அடங்கிப்போன பீதியை நாற்பது வருஷம் கழித்து நாம் ஏன் இறக்குமதி செய்ய வேண்டும்?

மூன்றாவது, நேர விரயம். இதற்கு எளிதாகப் பதில் சொல்லிவிடலாம். ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன், பதினைந்தோ அதற்கு மேலோ விழுந்தால்தான் கயிற்றைப் பிடிக்க முடியும் என்றதும், "இருபதுல ஆறு தாத்தா, முப்பது சதவீதம்தான், வேண்டாம்" என்றான். இரண்டு தடவை உருட்டிப் பெரியதை எடுத்துக்கொள்ளலாம் என்றால், பாதிக்குப் பாதியாக இருந்த வாய்ப்பு முக்கால் ஆகிறது என்பதை அவனே காகிதத்தில் போட்டுக் கண்டுபிடித்தான். எந்த டியூஷனிலும் அவன் இவ்வளவு ஆசையாகக் கணக்குப் போட்டதில்லை என்று அவன் அம்மா சொன்னார்.

ஆனால் இந்த வாதத்தை நான் பெரிதாக வைத்துக்கொள்ள விரும்பவில்லை. கணக்கு வரும், இங்கிலீஷ் வரும், தைரியம் வரும் என்று பட்டியல் போட்டால்தான் பிள்ளை விளையாடலாம் என்கிற நிலைமைக்கு வந்துவிட்டோமே, அதுதான் என் சண்டை. கோடை விடுமுறை என்பது என்ன? நமக்கு அது மாமா வீடு, வாய்க்கால், மாங்காய். இன்றைய பிள்ளைக்கு அபாகஸ், கோடிங், நீச்சல், கையெழுத்துப் பயிற்சி. ஒவ்வொன்றுக்கும் கட்டணம், ஒவ்வொன்றுக்கும் சான்றிதழ். பத்து மாதம் ஓடிய ஓட்டத்தை மீதி இரண்டு மாதமும் வேறு செருப்பு மாட்டிக்கொண்டு ஓடுகிறது. மிச்சமிருக்கிற நேரத்தில் கையில் போன். போனில் ரீல்ஸ் பார்த்தால் நேரம் வீணாகவில்லையாம், ஆறு பேர் கூடி உட்கார்ந்து பேசினால் வீணாகிறதாம்.

அந்த ஒன்பது மாலைகளில் நான் கவனித்த ஒன்றைச் சொல்கிறேன். "இப்போ நீ என்ன பண்றே?" என்று முதல் நாள் கேட்டபோது பிள்ளைகள் விழித்தார்கள். "என்ன பண்ணணும் தாத்தா?" என்று திருப்பிக் கேட்டார்கள். சரியான விடை என் கையில் ஒளித்து வைத்திருக்கிறேன் என்று நினைத்தார்கள். அவர்கள்மேல் தப்பு இல்லை. காலையில் எழுந்தது முதல் இரவு படுக்கிறவரை என்ன செய்ய வேண்டும் என்று நாம்தான் சொல்லிக்கொண்டே இருக்கிறோம். நீ என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டு, பதிலுக்குக் காத்திருந்து, அந்தப் பதிலின்படி அடுத்ததை நடத்துகிற பெரியவர் ஒருவர்கூட அவர்கள் நாளில் இல்லை.

நாலாம் நாள் வாக்கில் நிலைமை மாறியது. எப்போதும் அக்காவின் பின்னால் ஒளிகிற ஒரு சின்னப் பெண், காவல்காரனோடு சண்டை போடலாம் என்று மற்ற ஐந்து பேரும் கத்தியபோது, "அவனுக்குப் பசிக்குதான்னு கேட்கிறேன்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நான் பகடையை உருட்டச் சொன்னேன். பதினேழு விழுந்தது. காவல்காரன் கட்டுச்சோற்றை வாங்கிக்கொண்டு கதவைத் திறந்துவிட்டான். அன்றிலிருந்து எதற்கும் முதலில் அவளைத்தான் கேட்கிறார்கள். இதற்கு எந்தப் பயிற்சி முகாமில் சான்றிதழ் தருவார்கள்?

நாலாவது, என் வயசு. இதில்தான் எனக்கு உண்மையான வருத்தம், ஏனென்றால் இதைச் சொன்னவர்கள் என் வயதுக்காரர்கள். பென்ஷன் வாங்க ஆரம்பித்துவிட்டால் கோயில், வாக்கிங், சீரியல், வாட்ஸ்அப்பில் குட்மார்னிங், இதற்குமேல் ஆசைப்படக் கூடாது என்று நமக்கு நாமே எழுதிக்கொண்ட சட்டம் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது? 2003இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் ஓர் ஆய்வு வந்தது. 75 வயதைத் தாண்டிய 469 பேரைப் பல ஆண்டுகள் கவனித்தார்கள். படிப்பவர்கள், வாத்தியம் வாசிப்பவர்கள், நடனம் ஆடுபவர்கள், மேஜை விளையாட்டு ஆடுபவர்கள், இவர்களுக்கு மறதி நோய் வருவது குறைவாக இருந்தது. ஆடியதால்தான் வரவில்லை என்று அதை வைத்து அடித்துச் சொல்லிவிட முடியாது. நானும் மருந்தாக ஆடவில்லை. ஆசையாக இருக்கிறது, ஆடுகிறேன். அறுபது வயதுக்குமேல் அந்த ஒரு காரணம் போதாதா?

இன்னொன்றும் யோசித்துப் பாருங்கள். "பேரப்பிள்ளைகள் எங்களோடு பேசுவதே இல்லை" என்று பார்க் பெஞ்சில் உட்கார்ந்து எல்லோரும்தான் புலம்புகிறோம். நாம் அவர்களிடம் என்ன பேசுகிறோம்? மார்க் எவ்வளவு, சாப்பிட்டாயா, போனை வை. இந்த மூன்றுக்கும் ஒரு வார்த்தையில் பதில் முடிந்துவிடும். பிறகு எப்படிப் பேச்சு வளரும்?

இந்த விளையாட்டில் குறையே இல்லை என்று நான் சொல்லவில்லை. புத்தகத்தில் உள்ளபடியே ஆடினால் வெட்டு குத்து அதிகம். டிராகன் நம் பிள்ளைக்கு அந்நியம். 1999 முதல் இது ஹாஸ்ப்ரோ என்ற பொம்மைக் கம்பெனியின் கையில் இருக்கிறது. விட்டால் புதுப்புதுப் புத்தகமாக வாங்க வைத்துக்கொண்டே இருப்பார்கள். 2023 ஜனவரியில் உரிம விதிகளை இறுக்கப் பார்த்து, ஆடுகிறவர்கள் கொதித்தெழுந்ததும் பின்வாங்கி, அடிப்படை விதிகளை யாரும் பயன்படுத்தலாம் என்று பொதுவில் விட்டார்கள். ஆகவே விதிகளுக்குக் காசு தேவையில்லை. பகடை ஒரு செட், பென்சில், நோட்டு. குடும்பத்தோடு சினிமாவுக்குப் போகிற செலவுகூட ஆகாது. டிராகன் வேண்டாம் என்றால் யாரும் கட்டாயப்படுத்துவதில்லை, கதை நம் கையில்.

அந்தக் கதையைத்தான் இப்போது தயார் செய்துகொண்டிருக்கிறேன். சுமத்ரா தீவில் பாரூஸ் என்ற இடத்தில் 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்திருக்கிறது. ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவினர் வைத்தது. அந்தப் பக்கம் கற்பூரத்துக்குப் பேர்போனது. ஆகவே எங்கள் புதுக் கதையில் நாகப்பட்டினத்திலிருந்து ஒரு மரக்கலம் கற்பூரம் வாங்கப் புறப்படுகிறது. தென்மேற்குக் காற்றில் கிழக்கே போக வேண்டும், திரும்பி வர வடகிழக்குக் காற்றுக்குக் காத்திருக்க வேண்டும். நடுவில் சரக்கு, கணக்கு, நோய், மொழி தெரியாத ஊர், கொள்ளைக்காரர்கள். மீகாமன், கணக்கன், வைத்தியச்சி, மொழிபெயர்ப்பவன் எல்லாம் பிள்ளைகள். காவல்காரனுக்குச் சோறு போட்ட பெண் இப்போதே மொழிபெயர்ப்பு வேலையை எழுதி வாங்கிக்கொண்டாள்.

சனிக்கிழமை மாலை நாலிலிருந்து ஆறு. ஆடி பிறக்கும்போது தொடங்கி தீபாவளிவரை. பரீட்சை வாரங்களில் கிடையாது. பெற்றோர் யார் வேண்டுமானாலும் வந்து உட்கார்ந்து பார்க்கலாம். சங்கத்திடம் நான் கேட்பது வாரத்தில் இரண்டு மணி நேரம், சும்மா பூட்டிக் கிடக்கிற ஹால், இரண்டு மின்விசிறி. மின்சாரக் காசை என் பென்ஷனிலிருந்து கட்டிவிடுகிறேன். இல்லையென்றால் என் வீட்டுக் கூடம் இருக்கிறது. கொஞ்சம் நெருக்கடியாக இருக்கும், அவ்வளவுதான்.

ஒரே ஒரு குறை. இதுவரை பதினோரு பிள்ளைகள் பெயர் கொடுத்திருக்கிறார்கள். ஒரு மேஜைக்கு ஆறு பேருக்குமேல் தாங்காது. இன்னொரு கட்டியங்காரன் வேண்டும். கதை சொல்லத் தெரிந்த, பொறுமையாகக் கேட்கவும் தெரிந்த, மாலையில் வேலையில்லாத தாத்தாவோ பாட்டியோ யாராவது இருந்தால் சொல்லுங்கள். விதிகளை இரண்டு மாலையில் கற்றுக் கொடுத்துவிடுவேன்.