புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டும் ‘தீராத’ கணக்கும்

கணினி படித்தவரிடம் கோட்டுரு வண்ணமிடல் என்று பேச்செடுத்தால், “அது என்பி-முழுமை (எல்லா நிலைகளிலும் வேகமாகத் தீர்க்கும் வழி அறியப்படாத வகை), விட்டுத்தள்ளுங்கள்” என்பார். புள்ளிகள் சில, அவற்றை இணைக்கும் கோடுகள் சில. கோட்டால் இணைந்த இரண்டுக்கும் ஒரே நிறம் கூடாது. குறைந்தது எத்தனை நிறம் வேண்டும்? 1972-இல் ரிச்சர்ட் கார்ப் பட்டியலிட்ட 21 கடினக் கணக்குகளில் இதுவும் உண்டு. கார்ப் சொன்னது சரி. ஆனால் அவர் பேசியது எந்த ஒழுங்குக்கும் கட்டுப்படாத கோட்டுருக்களைப் பற்றி.

புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் அறந்தாங்கி பஸ் 9.00 முதல் 9.15 வரை நிற்கிறது, பொன்னமராவதி பஸ் 9.10-க்கு வருகிறது என்று வையுங்கள். நேரம் மோதுவதால் இரண்டுக்கும் இடையே ஒரு கோடு. நிறம் என்பது நிற்கும் இடம். வருகிற வரிசையில் ஒவ்வொரு பஸ்ஸையும் காலி இடத்தில் விட்டால் போதும். ஒரு பஸ்ஸுக்கு ஏழாவது இடம் தேவைப்பட்டால், அந்த நிமிடம் ஆறு பஸ்கள் நின்றுகொண்டிருக்கின்றன. ஏழுக்குக் குறைத்து யாராலும் சமாளிக்க முடியாது. டைம் கீப்பர் பழக்கத்தில் செய்வதே மிகச் சிறந்த விடை!

“நைட் ஹால்ட் பஸ்கள் நள்ளிரவைத் தாண்டி நிற்குமே?” நியாயமான கேள்வி. தினமும் அதே அட்டவணை, அதே இடம் என்றால் நேரக்கோடு வட்டமாகிவிடும்; வட்டத்தில் இந்தக் கணக்கு என்பி-முழுமை என்று 1980-இல் நிறுவியிருக்கிறார்கள். ஆனாலும் கைவிரிக்க வேண்டியதில்லை. மிகக் குறைவான பஸ்கள் நிற்கும் நிமிடத்தைத் தேடுங்கள். அப்போது மூன்று பஸ்கள் நின்றால், அவற்றுக்குத் தனியாக மூன்று இடம். மற்றவை பழையபடி நேர்க்கோடு. மிஞ்சிப்போனால் மூன்று இடம் கூடுதலாகும்.

நில வரைபடத்தில் அடுத்தடுத்த பகுதிகளுக்கு வெவ்வேறு நிறம் தீட்ட நான்கு நிறம் போதும் என்பதால் அது எளிது என்பார்கள். இது எதிர்ப்பக்கப் பிழை. நான்கு போதும் என்று அப்பெலும் ஹாக்கனும் 1976-இல் காட்டினார்கள். மூன்றே போதுமா என்று கேட்டால் அதுவும் பொதுவில் என்பி-முழுமைதான். நம் மாவட்டத்தின் 12 தாலுகாக்களுக்கு மட்டும் கவலையில்லை: மூன்று நிறத்தில் 5,31,441 வழிகள், லேப்டாப்புக்கு ஒரு நொடி வேலை.

தேர்வு அட்டவணையிலும் இதே கதை: தாள்கள் புள்ளிகள், ஒரே மாணவர் எழுதும் இரண்டு தாள்களுக்கு இடையே கோடு, நிறம் என்பது தேர்வு நேரம். ஒரு துறையில் எல்லோருக்கும் அதே தாள்கள், துறைகளுக்கு இடையே கலப்பில்லை என்றால் கணக்கே இல்லை. யாரும் எந்த விருப்பப் பாடத்தையும் எடுக்கலாம் என்றால் எந்தக் கோட்டுருவும் உருவாகலாம். அங்கே தாராளமாகக் கார்ப்பின் பெயரைச் சொல்லுங்கள்.