ஒரே இசை, இரண்டு பியானோ... ஆஸ்கர் யாருக்கு?

கோட் சூட் மாட்டிக்கொண்டு கம்பீரமாக மேடையேறுகிறது டாம் பூனை. பியானோவில் விரல் வைத்ததும், உள்ளே தூங்கிக்கொண்டிருந்த ஜெர்ரிக்குத் தூக்கம் கலைகிறது. அப்புறமென்ன, ரகளைதான்! கச்சேரியையும் நிறுத்த முடியாமல், எலியையும் விட முடியாமல் டாம் படும் பாடுதான் மொத்தக் கதையும்.

எம்.ஜி.எம் ஸ்டூடியோவுக்காக வில்லியம் ஹன்னாவும் ஜோசப் பார்பெராவும் இயக்கிய 'தி கேட் கான்செர்ட்டோ' இது. இசை, ஃபிரான்ஸ் லிஸ்ட்டின் 'ஹங்கேரியன் ராப்சடி எண் 2'.

இங்கேதான் சிக்கல். 1946 நவம்பரில் வார்னர் பிரதர்ஸ் 'ராப்சடி ராபிட்' என்ற கார்ட்டூனை ரிலீஸ் செய்திருந்தது. இயக்கம் ஃபிரிஸ் ஃபிரெலெங். அதே லிஸ்ட் இசை, அதே மாதிரி கச்சேரி மேடை, அதிலும் ஓர் எலி! வாசிப்பது மட்டும் பக்ஸ் பன்னி முயல். கடைசியில் இசையை முடித்துவைப்பது இரண்டிலுமே எலிதான்.

'நீதான் காப்பியடித்தாய்' என இரு தரப்பும் மாறி மாறிக் குற்றம் சாட்டின. 1947 மார்ச்சில் ஆஸ்கர் டாமுக்கும் ஜெர்ரிக்கும் போனது. தொடர்ந்து நான்காவது முறை! பக்ஸ் பன்னியின் படத்துக்கோ நாமினேஷன்கூடக் கிடைக்கவில்லை.

யார் யாரைப் பார்த்துச் செய்தார்கள் என்பதற்கு இன்றுவரை முடிவான பதில் இல்லை. ஆனால், இசைக்கு ஏற்றபடி கையாலேயே வரைந்த ஓவியர்கள் இரண்டு ஸ்டூடியோக்களிலும் இருந்தார்கள். விருது ஒரு பக்கம்தான் போனது. உழைப்பு இரண்டு பக்கமும் இருந்தது.

இந்த ஞாயிற்றுக்கிழமை குழந்தைகளோடு உட்கார்ந்து இரண்டையும் அடுத்தடுத்துப் பாருங்கள். உங்கள் வீட்டு ஆஸ்கர் பூனைக்கா, முயலுக்கா?