கார்ட்லெஸ் தொலைபேசி வாங்கும் முன்

வீட்டுக்குக் கார்ட்லெஸ் தொலைபேசி வாங்கப் போகிறார்களா? நிறத்தையும் பொத்தான்களையும் பார்க்கும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: மின்சாரம் நின்றால் இது பேசுமா?

இதில் இரண்டு பகுதிகள் உண்டு. தொலைபேசி இணைப்பில் பொருத்தியிருப்பது தாய்க்கருவி. அதனுடன் வானொலி அலைகளால் தொடர்பு கொள்வது கைக்கருவி. கைக்கருவியில் பேட்டரி இருக்கிறது. பெரும்பாலான தாய்க்கருவிகளுக்கோ வீட்டு மின்சாரம்தான் கதி. அது நின்றதும் கைக்கருவி வெறும் பொம்மை!

கம்பியுள்ள சாதாரணத் தொலைபேசி அப்படியல்ல. தொலைபேசி நிலையத்தின் பேட்டரிகளிலிருந்து சுமார் 48 வோல்ட் மின்னழுத்தம் செம்புக் கம்பி வழியே வருகிறது. வீடு இருண்டாலும் அது பேசும்.

2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் அருகே கரை கடந்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னைகளோடு மின்கம்பங்களும் சாய்ந்தன. பல ஊர்கள் நாள்கணக்கில் இருளில் கிடந்தன. அப்படிப்பட்ட புயலில் தொலைபேசிக் கம்பியும் அறுந்துபோகலாம் என்பது உண்மையே. ஆனால் மின்சாரம் மட்டும் நிற்கும் இரவுகளே அதிகம். பாட்டிக்கு மூச்சுத் திணறினால் 108ஐ அழைக்க வேண்டாமா?

எனவே என் கருத்து இது: செம்புக் கம்பி இணைப்பு இருந்தால், கார்ட்லெஸ் கருவியோடு கம்பியுள்ள கருவி ஒன்றையும் வைத்திருங்கள். கண்ணாடி இழை இணைப்பு மின்சாரம் கொண்டுவராது. அங்கே மோடத்துக்கும் தாய்க்கருவிக்கும் பேட்டரி வசதி வேண்டும்.

பெரியவர்களிடம் சொல்லித் தாய்க்கருவியின் மின்இணைப்பை ஒரு நிமிடம் நிறுத்தச் செய்யுங்கள். உங்கள் வீட்டுத் தொலைபேசி பேசுகிறதா?