பாலுக்கு ஒரு நீதி, உடம்புக்கு ஒரு நீதியா?



நாம் சுமந்துவரும் பாலில் ரப்பர் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று அந்த இடத்திலேயே பார்த்துவிட மெட்ரோலாக் இருக்கிறது. கேமரன் மலையில் கொழுந்து இறங்கியதும் தராசு காத்திருக்கிறது. முதலாளிக்கு நஷ்டம் வரக்கூடிய இடத்திலெல்லாம் உடனுக்குடன் சோதனை! தொழிலாளியின் உடம்புக்கு மட்டும் ஏன் ஊகம்?

நீர்க்கடுப்பைப் பற்றித்தான் சொல்கிறோம். வெட்கப்பட்டு மறைக்கும் நோய் என்பதாலேயே வெளிப்படையாக எழுதுகிறோம். கழிவறை எட்டாத மலைச்சரிவில் கொழுந்து பறிக்கும் பெண் சிறுநீரை அடக்குகிறாள். அதற்காகவே தண்ணீர் குடிப்பதையும் குறைக்கிறாள். ரப்பர் நிரையில் நிற்கும் நம் பெண்களின் பாடும் இதுவே.

எரிச்சலோடு போனால் ஓர் ஆன்டிபயாட்டிக். அது கேட்காவிட்டால் வேறொன்று. டிரெஸ்ஸரை நாம் குறைகூறவில்லை. ஆய்வுக்கூடத்தில் கிருமியை வளர்த்துப் பார்க்க 2, 3 நாள் பிடிக்கும். அதுவரை அவர் ஊகித்துத்தான் கொடுக்க வேண்டும். ஊகம் தவறினால் கிருமி சிறுநீரகம் வரை ஏறலாம். பெரட்டில் விடுபடும் பெயர்களின் கதை, செக்ரோல் எழுதும் கிராணிகளாகிய நமக்குத் தெரியும்.

வழியில்லையா? இருக்கிறது! சுவீடனின் உப்சாலா நகரில் உருவான ஒரு கருவி, 2024 ஜூனில் பிரிட்டனின் லாஞ்சிட்யூட் பரிசாக 80 லட்சம் பவுன் பெற்றது. அரை மில்லிலிட்டருக்கும் குறைவான சிறுநீர் போதும். 15 நிமிடத்தில் கிருமி உண்டா என்று சொல்லும். 45 நிமிடத்தில் ஐந்து மருந்துகளில் எது கேட்கும் என்றும் சொல்லிவிடும்.

"தோட்டத்துக்கு இத்தனை பெரிய கருவியா?" என்பார்கள். பென்சிலினைக் கண்ட ஃபிளெமிங், அரைகுறை அளவு மருந்து கிருமியைப் பழக்கிவிடும் என்று 1945-லேயே எச்சரித்தார். மருந்துக்கு அடங்காத கிருமிகள் 2019-ல் மட்டும் உலகில் 12.7 லட்சம் உயிர்களைக் குடித்ததாக மதிப்பிடப்பட்டுள்ளது. அக்கிருமி லயத்தையும் பங்களாவையும் பேதம் பாராது!

தோட்டத் தொழிலாளருக்கு மருத்துவ வசதி செய்துதரும் கடமையை 1990-ஆம் ஆண்டின் 446-ஆம் சட்டம் முதலாளிமேல் சுமத்தியிருக்கிறது. ஆகவே கேட்கிறோம்: தோட்டங்கள் கூடிச் செலவைப் பகிர்ந்து இத்தகைய சோதனையை மலைக்குக் கொண்டுவரட்டும். அதுவரை, மாத்திரை கொடுக்குமுன் சிறுநீர் எடுத்துச் சோதனைக்கு அனுப்பட்டும். வேலைக்காட்டில் கழிவறையும் குடிநீரும் வேண்டும். நம்மவருக்கு மட்டுமல்ல, வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் வந்து நம்மோடு உழைப்போருக்கும் வேண்டும்.

நமக்கும் ஒரு சொல்: மாத்திரையைப் பாதியில் நிறுத்தி, மிச்சத்தைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்காதீர்கள்.

பாலை அளக்க ஒரு நொடி தாமதியாதவர்கள், நம் நோயை அளக்க 45 நிமிடம் தரட்டும்!