மலை முகட்டில் ஒரு கல்வட்டம்

கோடை காலத்தில் உதகமண்டலம் போய் வருகிறவர்கள் தொட்டபெட்டாவில் ஏறுகிறார்கள். ஏரியில் படகு விடுகிறார்கள். யூகலிப்டஸ் தைலம் வாங்கிக்கொண்டு திரும்புகிறார்கள். நீலகிரியின் முகடுகளில் பண்டைக் குடிகள் விட்டுச் சென்ற கற்குவியல்களைத் தேடிப் பார்ப்போர் வெகு சிலரே.

அவர்கள்மீது குற்றமில்லை. பார்வைக்கு அவை அவ்வளவு எளியவை. சாந்து பூசாமல் வட்டமாக அடுக்கிய கல், நடுவே மண், சுற்றிலும் புல். பாழடைந்த கிணற்றின் சுவரோ என்று எண்ணத் தோன்றும். ஆனால் அந்த வட்டத்தின் அடியிலேதான் ஒரு காலத்து மக்கள் தங்கள் இறந்தோரின் சாம்பலையும் எலும்பையும் கலயத்தில் இட்டு வைத்தார்கள். துணையாக இரும்பு ஆயுதங்களும் வெண்கலக் கிண்ணங்களும் பொன் நகைகளும் வைத்தார்கள். கலயங்களின் மூடிமேல் எருமை முதலிய உருவங்களை மண்ணால் வனைந்தார்கள்.

1847-ல் காப்டன் காங்க்ரீவ் என்பவர் இவற்றைப் பற்றி எழுதினார். பின்னர் நீலகிரியின் முதல் கமிஷனரான பிரீக்ஸ் துரை பல குவியல்களைத் தோண்டினார். அவர் 1872-ல் காலமானார். மறு வருஷம் அவருடைய நூல் வெளிவந்தது. கிடைத்த பொருள்களில் சில சென்னை மியூசியத்தில் இருக்கின்றன. சில கடல் கடந்து லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்துக்குப் போயின.

இவற்றைக் கட்டியவர் யார்? தோதவரின் முன்னோர்களே என்றார் காங்க்ரீவ். தோதவர் எருமையைப் போற்றுகிறவர்கள். மூடியிலும் எருமை நிற்கிறது. ஆயினும் தோதவர் மட்பாண்டம் வனைகிறவர்கள் அல்லர். பானை வேண்டுமானால் கோத்தரிடம் பெறுவதே அவர்களுடைய பழைய வழக்கம். வழக்கு இன்னும் தீரவில்லை.

தீராததற்கு ஒரு காரணம் உண்டு. அந்நாளில் தோண்டியவர்களில் பலர் பொருளை எடுத்தார்களே அன்றி, எது எந்த ஆழத்தில், எதன் அருகில் இருந்தது என்று கவனமாகக் குறித்து வைக்கவில்லை. சரித்திரத்துக்குச் சாட்சி சொல்வது பொன் மட்டுமன்று. அது கிடந்த இடமும், அதைச் சூழ்ந்த மண்ணும், பக்கத்திலிருந்த ஒரு பிடி கரியுமே. லண்டனுக்குப் போன கிண்ணத்தைத் திருப்பித் தரும்படி கேட்கலாம். கலைந்துபோன மண்ணை யாரிடம் கேட்பது?

துரைகளை மட்டும் நொந்து பயனில்லை. புதையல் ஆசை நம்மவர்களுக்கும் உண்டு. நம் பெற்றோரின் அஸ்தியைப் பிறர் கிளறினால் நாம் பொறுப்போமா? பெயர் மறந்துபோனதால் இவர்கள் யாருக்கும் முன்னோர் அல்லாமல் போய்விடவில்லை.

அடுத்த முறை மலைக்குப் போகும்போது இத்தகைய கல்வட்டம் ஒன்று கண்ணில் பட்டால், நேயர்கள் குழந்தைகளுக்கு அதைக் காட்டட்டும். சற்று நின்று பார்க்கட்டும். ஒரு கல்லைக்கூடப் பெயர்க்க வேண்டாம். கேட்கத் தெரிந்தவர்கள் வரும் வரையில் அவை அப்படியே இருக்கட்டும்.